திரும்பி நின்று வாங்கிய சீட்டு

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் ஒரு துண்டு, அதாவது ஒரு மாட்யூல் எழுத, ஊற்றி வைத்த டீ ஆறுகிற நேரம்கூட ஆவதில்லை. இன்னது வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. போன மாதம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தபோது அங்கே என்னோடு வேலை பார்த்த வசந்தி இதை எனக்குத் திரையில் காட்டினாள். நான் அந்தக் காலத்தில் வாரக்கணக்கில் மாரடித்து எழுதிய ஒன்றை அது என் கண்ணெதிரே எழுதி முடித்தது, அதுவும் சுத்தமாக. எனக்குக் கொஞ்சம் எரிச்சல், நிறைய சந்தோஷம். "இனிமே எங்களுக்கு இன்னாக்கா வேலை?" என்று அங்கிருந்த புதுப் பிள்ளைகள் கேட்டார்கள். "வரிசைல நிக்கிற வேலை" என்றேன். ஒருத்தருக்கும் புரியவில்லை. ஆபீஸ் ஆண்டு மலருக்கு அதையே எழுதிக் கொடுங்கள் என்று வசந்தி பிடித்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள் நான், எழுதுவதற்கு மட்டும் பிகு எதற்கு?

நான் மரக்காணத்துக்காரி. அத்தாவுக்கு பஜாரில் சின்ன ஜவுளிக்கடை. புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது, வருஷக்கணக்கில் நெட்வொர்க் சாஃப்ட்வேர் எழுதினேன். ஓரிடத்தில் புறப்படும் செய்தியைச் சிந்தாமல் சிதறாமல் இன்னோர் இடத்தில் சேர்ப்பதுதான் அந்த வேலை. அந்த ப்ரோகிராம்கள் எல்லாம் ஒரே பெரிய மூட்டையாக இருக்கும். இங்கே ஒரு வரியை மாற்றினால், சம்பந்தமே இல்லாமல் எங்கேயோ ஒன்று படுத்துக்கொள்ளும். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம், அந்த மூட்டைகளோடு மல்லுக்கட்டி அது இன்னும் கொழுத்தது. பிறகு வீட்டுக்காரர் சவுதியிலிருந்து மொத்தமாகத் திரும்பி வந்து ஊரில் கடை போட்டார். நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எனக்கு வேலை கிடைத்தது குயிலாப்பாளையத்தில். வாடகை ஸ்கூட்டர் கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். தோப்புகளில் இருக்கும் மோட்டார்களையும் தண்ணீர் டாங்குகளையும் தூரத்திலிருந்தே இயக்க சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தார்கள். நடத்தியவர் ஆரோக்கியராஜ், கீழ்புத்துப்பட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'ஜமீலாக்கா' என்பார்.

அங்கேதான் பிரேம்வொர்க் என்ற ஒன்றை முதன்முதலாக ஆசையோடு பார்த்தேன். மூட்டை கிடையாது. எல்லாமே சின்னச் சின்ன மாட்யூல்கள். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இலை போடுவார், ஒருவர் தண்ணீர் வைப்பார், ஒருவர் சோறு போடுவார், ஒருவர் குழம்பு ஊற்றுவார். இலை போடுகிறவருக்குக் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. மாட்யூலும் அப்படித்தான், தனக்கு வந்ததை வாங்கி, தன் ஒரே வேலையைச் செய்து, அடுத்தவரிடம் தள்ளிவிடும். யார் பின்னால் யார் நிற்பது என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும். அதை மாற்றுவதும் ஒரு வரி வேலைதான். எனக்கு விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டில்கூடக் கோபம் குறைந்துவிட்டதாக வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆரோக்கியராஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எது கெட்டாலும் யார் பெயரையும் சொல்ல விடமாட்டார். "இது முத்து பண்ண வேலை சார்" என்று கூட வேலை பார்த்த பையனைப் பற்றி நான் ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார். "முத்துவ விடுங்கக்கா. எந்த மாட்யூல், அது இன்னா வாங்குச்சு, இன்னா குடுத்துச்சு? அத மட்டும் சொல்லுங்க." நான் திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்குள் எனக்குக் கோபம் ஆறிப்போய் அசடு வழியும்.

அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது, வேறெங்கும் நான் பார்க்காதது. புதிதாக ஏதாவது கட்டினாலோ பழையதை மாற்றினாலோ, "நிப்போமா?" என்பார். எல்லோரும் மாடியிறங்கி, பின்பக்கத்து முந்திரி மரத்தடிக்குப் போவோம். ஆளுக்கொரு மாட்யூல். செய்திக்குப் பதில் காகிதச் சீட்டு. சாஃப்ட்வேரில் மாட்யூல்கள் எந்த வரிசையோ அதே வரிசையில் நின்று, அவரவர் மாட்யூலுக்கு என்ன விதியோ அதன்படி சீட்டை வாங்கி, எழுதி, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கடைசி ஆள் கைக்குச் சீட்டு சரியாக வந்தால்தான் அந்த மாற்றம் வெளியே போகும். தியானம் தேடி ஊருக்கு வந்து, கீழே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கிற வெள்ளைக்காரர்கள் இது ஏதோ தியானம் என்று நினைத்து மரியாதையாகப் பார்ப்பார்கள். நாங்களும் அதைக் கெடுக்காமல் முகத்தை அப்படியே வைத்துக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் மரக்காணத்து உப்பள வேலை வந்தது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் கிழக்கு அளம், அந்தப் பக்கம் மேற்கு அளம். கிழக்கு அளத்தைச் சகுந்தலா என்பவர் தலைமையில் பெண்கள் குழு ஒன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. அத்தனை வருஷம் அதே பாத்திகளில் கூலிக்கு உப்பு வாரியவர்கள் அவர்கள். சொந்தமாக எடுத்தது அதுதான் முதல் தடவை. முன்பு குத்தகை வைத்திருந்தவரின் மேஸ்திரி, இவர்கள் எப்போது கவிழ்வார்கள் என்று வரப்பிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சீசன் முடிவில் சொன்ன அளவுக்கு உப்பைக் குவித்து அம்பாரத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் குத்தகை பழையவருக்கே போகும் என்று நிலத்துக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

உப்பளத்தில் விடிகிறபோதே இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் வீடு திரும்பிவிடுவார்கள். வாரிய உப்பு வரப்பில் குவிந்து காய்ந்துகொண்டிருக்கும். கோடை மழை வருவதோ மத்தியானத்துக்கு மேல்தான், ஆள் இல்லாத நேரத்தில். மழை வருவதற்கு முன்னால் ஓடிப்போய் மூடினால் உப்பு, இல்லாவிட்டால் தண்ணீர். இதற்காகவே முன்பு தினமும் ஒருத்தி வெயிலில் காவல் உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பதிலாக இரண்டு அளத்திலும் ஒவ்வொரு கம்பம் நட்டோம். காற்றும் ஈரமும் மாறி மழை வரப்போகிறது என்றால் கம்பம் ரேடியோவில் எங்கள் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். கம்ப்யூட்டர் அந்த அளத்துக்காரர்கள் எல்லோருக்கும் போன் போடும். வழியில் தொலைந்துவிடக் கூடாது என்று கம்பம் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதனால் வரிசையில் 'கழிப்பான்' என்று ஒரு மாட்யூல் வைத்திருந்தோம். கொஞ்ச நேரத்துக்குள் அதே செய்தி மறுபடி வந்தால் அது தூக்கிப் போட்டுவிடும். அதற்கு முன்னால் நிற்பது 'பெயரிடுவான்'. செய்தி வந்த வழியைப் பார்த்து, இது மேற்கு, இது கிழக்கு என்று செய்தியின் மேலேயே எழுதும்.

சீசன் நடுவில் எங்கள் குட்டிக் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. கம்பங்கள் சொன்னதையே சொல்ல, பெயரிடுவான் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஓய்ந்துபோனது. கழிப்பானை முன்னால் நிறுத்தினால் என்ன, தேவையில்லாததை வாசலிலேயே கழித்துவிடலாமே என்று பேச்சு வந்தது. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு வரி மாற்றம். "நிப்போமா?" என்றார் ஆரோக்கியராஜ். முத்து மேற்குக் கம்பம், வசந்தி கிழக்குக் கம்பம், ஆரோக்கியராஜே கழிப்பான், நான் பெயரிடுவான். சீட்டின் முன்பக்கம் 'மழை வருகிறது', பின்பக்கம் அது வந்த வழியின் குறி. முத்து சீட்டை நீட்டினான், அவர் வாங்கி என்னிடம் தந்தார். வசந்தி நீட்டினாள், அதையும் வாங்கித் தந்தார். திரும்பத் திரும்ப நீட்டியதையெல்லாம் கீழே போட்டார். நான் பெயர் எழுதினேன், போய்ச் சேர்ந்தது. கைதட்டிவிட்டு மேலே போய் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு வந்த முதல் மழையில் மேற்கு அளத்துக்குப் போன் போனது. கிழக்குக்குப் போகவில்லை.

நானும் ஆரோக்கியராஜும் மறுநாள் காலையில் அங்கே போனோம். வரப்பில் அம்பாரம் இருந்த இடத்தில், உச்சி கரைந்து, இடுப்பு உயரத்துக்கு ஏதோ மிச்சம் இருந்தது. பெண்கள் மண் கலந்த உப்பைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சகுந்தலா உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டார்.

"வாம்மா, வந்து நல்லா பாரு. உங்க கம்பத்த நம்பி வூட்ல நிம்மதியா சோறு தின்னுகிட்டு இருந்தோம். மேக்கால அளத்துக்கு மட்டும் போன் போவுது, எங்களுக்கு போவாதா? பொம்பளைங்கன்னா கம்பத்துக்கும் எளக்காரமா?"

"மேற்கு ஆளுங்க ஒரு வார்த்தை சொல்லலியா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்களுக்கும் போன் வந்துருக்கும்னு அவங்க நெனச்சுட்டாங்க. அவங்கள ஏன் இழுக்குற? போன் போடறன்னு சொன்னது நீங்களா, அவங்களா?"

ஆரோக்கியராஜ் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எங்க தப்புதாங்க. எந்த எடத்துலன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்."

"தெரிஞ்சு? போன உப்பு நடந்து வருமா?" என்றார் சகுந்தலா. அப்புறம் குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்ச நாளு வெயில் இருக்குது. மிச்சத்த காப்பாத்தி, மேல வார்றதையும் சேத்தா தப்பிச்சுக்கலாம். அடுத்த மழைக்கு போன் வரலன்னா கம்பத்த நீங்க வந்து புடுங்க வேணாம். நாங்களே புடுங்கி கொட்டாய்க்கு காலு நட்டுக்குறோம். குத்தகைதான் போயிடும், கொட்டாயாவது நிக்கட்டும்."

சற்றுத் தள்ளி மேஸ்திரி வண்டிமேல் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்துக் கத்த வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் ஒவ்வொரு மாட்யூலாகப் பிரித்துப் போட்டுச் சோதித்தோம். கம்பம் சரி. ரேடியோ சரி. கழிப்பான், பெயரிடுவான், போன் போடும் மாட்யூல், எல்லாமே பத்தரை மாற்றுத் தங்கம். "எல்லாரும் நல்லவங்கதான், வீடு மட்டும் தானா எரிஞ்சுபோச்சு" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுபடி முந்திரி மரத்தடியில் நின்றோம். அதே ஆட்கள், அதே வரிசை. இரண்டு சீட்டும் அழகாகப் போய்ச் சேர்ந்தன. அந்த மரத்தடி அதுவரை பொய் சொன்னதே இல்லை என்பதால் எங்களுக்குக் குழப்பம் கூடியது. மின்னல், பேட்டரி, அது இது என்று என்னென்னவோ பேசினோம்.

மறுநாள் வசந்திக்குக் காய்ச்சல், லீவு. இன்னொரு தடவை நின்றுவிடுவோம் என்றார் ஆரோக்கியராஜ். ஆள் போதாததால் இரண்டு கம்பமும் முத்துதான். அவன் ஒரு சீட்டை நீட்டினான். ஆரோக்கியராஜ் வாங்கி முன்பக்கத்தைப் படித்து என்னிடம் தந்தார். முத்து அடுத்த சீட்டை நீட்டினான். ஆரோக்கியராஜ் படித்தார். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

நான் கையை நீட்டியபடியே நின்றேன். "சார், கிழக்கு எங்க?"

"எந்தக் கிழக்கு? அதே சீட்டுதானேக்கா திரும்ப வந்துச்சு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை தானாகவே பாக்கெட்டுக்குப் போனது. சீட்டை எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கிழக்கின் குறி இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு கம்பமும் ஒரே மழைக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்பும். கழிப்பான் செய்தியை மட்டும்தான் படிக்கும், வந்த வழியைப் பார்க்காது; பெயர் எழுதுவதற்கு முன்பே அதனிடம் போனால், இரண்டாவதாக வருவது முதலாவதின் மறுபதிப்பாகத்தான் அதற்குத் தெரியும். முன்பு நாங்கள் நின்றபோதெல்லாம் சீட்டு முத்து கையிலிருந்து ஒன்று, வசந்தி கையிலிருந்து ஒன்று என்று வந்தது. கொடுக்கிற முகத்தைப் பார்த்தே ஆரோக்கியராஜ் இரண்டையும் பிரித்துவிட்டார். விதியில் இல்லாத ஒன்றைத் தன் கண் செய்தது அவருக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எங்களுக்கும்தான். வருஷக்கணக்காக ஒரே ஆபீசில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவருக்கொருவர் மாட்யூலாக நிற்க முடியாது போல.

அவர் முந்திரி மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த வழக்கம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. "இனிமே இத நிறுத்திடலாம்க்கா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் நிறுத்தணும்? இப்ப கண்டுபுடிச்சதும் இங்க நின்னுதானே சார்? நிக்கறத விட வேணாம், பாக்கறத விடுங்க. முன்னாடி ஆளுக்கு முதுகு காட்டி நில்லுங்க. கைய மட்டும் பின்னால நீட்டி வாங்குங்க. யாரு குடுத்தாங்கன்னு தெரியக் கூடாது. சீட்டுல இருக்கறது மட்டும்தான் தெரியணும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து, பேன்ட்டில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிவிட்டு, முத்துவுக்கு முதுகைக் காட்டி நின்று கையைப் பின்னால் நீட்டினார். அன்றைக்கே வரிசையைப் பழையபடி மாற்றினோம். கம்ப்யூட்டர் திணறுவதற்கு வேறு வழி பார்த்துக்கொண்டோம். திரும்பி நின்றே பல தடவை சீட்டை ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் இரண்டும் வந்தன.

சொன்னபடி ஆரோக்கியராஜே போய்ச் சகுந்தலாவிடம் சொன்னார். அவருக்கு அந்த விளக்கம் பிடிபடவில்லை, நம்பிக்கையும் இல்லை. "நேர்ல காட்டுங்க" என்று இரண்டு பெண்களோடு பஸ் ஏறி வந்துவிட்டார். மரத்தடியில் அவரைக் கழிப்பான் இடத்தில் நிறுத்தினோம். கையைப் பின்னால் நீட்டச் சொன்னோம். சீட்டு விரலில் பட்டதும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மறுபடி நிறுத்தினோம், மறுபடி திரும்பினார். கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"யாரு குடுக்குறாங்கன்னு பாக்காம எப்பிடிம்மா வாங்குறது?" என்றார் அவர்.

"கம்ப்யூட்டரு அப்பிடித்தாங்க வாங்குது" என்றான் முத்து.

சகுந்தலா கையிலிருந்த சீட்டையும் எங்கள் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓ, அப்ப அதுக்கு எங்க மேல எளக்காரம்லாம் ஒண்ணுமில்ல. ஆளே தெரியல அதுக்கு." அப்புறம் எங்களுக்கு வாய்தா கொடுத்தார். "சரி. மழை வரட்டும், பாக்கலாம்."

அதன்பிறகு வானத்தைப் பார்ப்பதே எங்களுக்கு வேலை. மழை வரக் கூடாது என்று ஊரே வேண்டுகிறபோது, ஒரு பக்கம் வந்து தொலையட்டும் என்றும் இருந்தது. கிழக்கு அளத்தில் அம்பாரம் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஆபீசுக்குப் போகும்போது ஜன்னல் வழியாக அதைத்தான் முதலில் தேடுவேன். வீட்டில் தொழும்போது துஆவில்கூட உப்பு வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம். குயிலாப்பாளையத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வசந்தி திரையைப் பார்த்துக் கத்தினாள். மேற்குக் கம்பம் பேசியது. உடனேயே கிழக்கும். இரண்டு செய்திகள், எழுத்து மாறாமல் ஒரே மாதிரி. பெயரிடுவானைத் தாண்டின, கழிப்பானைத் தாண்டின. இரண்டு அளத்துக்கும் போன் போக ஆரம்பித்ததைத் திரை காட்டியது.

ஆனால் திரையில் உப்பு தெரியாது. போன் போவது வேறு, அவர்கள் ஓடி வந்து மூடுவது வேறு. சகுந்தலாவுக்குப் போட்டுக் கேட்கலாம் என்று நான் போனை எடுத்தேன். ஆரோக்கியராஜ் தடுத்தார். "வேணாங்க்கா. இப்ப அவங்க கை தார்ப்பாய்ல இருக்கணும், போன்ல இருக்கக் கூடாது." நியாயம்தான். போனை மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். முத்து நகத்தைக் கடித்தான். தென்னங்கீற்று போதுமான அளவு வைத்திருந்தார்களா, கயிறு இருந்ததா, வீட்டிலிருந்து வர எத்தனை நேரம் என்று எனக்கு ஆயிரம் யோசனை.

போன் அடித்தது. சகுந்தலா.

"ஏம்மா ஜமீலா, இன்னாம்மா இது? எங்க பொண்ணுங்க போனெல்லாம் நிக்காம அடிச்சுகிட்டே இருக்குது! எடுத்தா 'மழை வருது, மழை வருது'ன்னு அதையே சொல்லுது. வந்துருச்சும்மா மழை, நாங்க நனைஞ்சுகிட்டுதான் நிக்குறோம்! நிறுத்தச் சொல்லு அத!"

யாராவது எடுத்து ஒன்றாம் எண்ணை அமுக்கினால் நின்றுவிடும். அப்படித்தான் கட்டியிருந்தோம். ஆனால் அந்த அவசரத்தில் அங்கே எவருக்கும் அது நினைவில்லை, இங்கிருந்து நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

"உப்பு?" என்று மட்டும் கேட்டேன்.

"உப்புக்கு இன்னா, அது சொகமா உள்ள இருக்குது. எப்பவோ மூடிட்டோம். அந்த மேஸ்திரி வந்து பாத்தாரு, வண்டிய திருப்பிகினு போய்ட்டாரு. அத விடு, மொதல்ல இந்தப் போன நிறுத்து!"

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தேன். சகுந்தலா எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவர் குரலுக்குப் பின்னால், தார்ப்பாய்மேல் மழை சடசடவென்று கொட்டும் சத்தம் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. நிறுத்துவதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.